வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பவர்

கீழ்வீட்டு அண்ணன் முதலில் என் உயரத்தைக் கேட்டார். பிறகு எடையைக் கேட்டார். அதன்பின், "எங்கயாச்சும் எலும்பு முறிஞ்சிருக்கா?" என்றார். ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன், இதுதான் என் முதல் வண்டி என்று நான் சொன்னதற்கு அவருடைய பதில் இப்படித்தான் தொடங்கியது.

"இல்லண்ணே."

"ஒண்ணுகூட இல்லயா? நல்ல எலும்பு."

மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வது போல இருந்தது. அன்றைக்கே எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அது முழுதாகப் போய்விட்டது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருந்த அரசுக் குடியிருப்பில் நானும் அம்மாவும் மாடியில் இருந்தோம். மின்துறையில் பொறியாளராக எனக்கு அப்போதுதான் வேலை நிலைத்திருந்தது. கீழ்வீடு, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவரின் பெயரில் ஒதுக்கப்பட்டது. அக்கா பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர்தான் இந்த அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஊரில் யார் வண்டியிலிருந்து விழுந்தாலும் அவருடைய இருட்டறைக்கு ஒருமுறை வந்துதான் போவார்கள்.

அவரிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் இருந்தது. முன்னால் குனிந்து, தாழ்ந்த கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற, உடம்பு முழுக்க பிளாஸ்டிக் பேனல் போர்த்திய வகை. பிறப்பில் அது சிவப்பு வண்டி. நான் பார்க்கும்போது இடப்பக்கப் பேனல் நீலமாகவும், முன் மட்கார்டு கறுப்பாகவும், வால் பகுதி ஆரஞ்சாகவும் இருந்தன. அதை அவருடைய ரசனை என்று நினைத்து, ரசனையில்லாத மனிதர் என்று முடிவுகட்டியிருந்தேன்.

எதை வாங்குவதற்கு முன்னும் பட்டியல் போடுவது என் வழக்கம். அம்மாவுக்கு மிக்ஸி வாங்கும்போதும் போட்டேன். வண்டிக்கான பட்டியலில் நான்கு கேள்விகள் இருந்தன. உட்கார்ந்தால் என் இரண்டு கால்களும் தரையில் ஊன்றுமா? கீழே சாய்ந்தால் தனியாக நிமிர்த்த முடியுமா? ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்குமா? எஞ்சின், பழகாத கைக்குப் பொறுமை காட்டுமா, இல்லை லேசாக முறுக்கினாலே பாய்ந்துவிடுமா?

அண்ணன் பட்டியலைப் படித்துவிட்டு, "எல்லாம் சரி. முக்கியமானத விட்டுட்டியே," என்றார்.

"என்னண்ணே?"

"இந்தத் தீவுல அந்த வண்டி எத்தன ஓடுதுன்னு போடலயே புள்ள. இங்க தனியா நிக்கிற வண்டிய வாங்கிராத."

அவர் சொன்னதில் தப்பில்லை. இங்கே ஒரு பிரேக் லீவர் உடைந்தால் கடையில் கிடைக்காது. கப்பலில் வர வேண்டும். அல்லது மெயின்லேண்டிலிருந்து யாராவது வர வேண்டும். சென்னைக்கு யார் போனாலும், போகிற செய்தி பரவியதும் நாலு பேர் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். போனவர் திரும்பும்போது பெட்டியில் முறுக்குப் பொட்டலத்துக்கும் புடவைக்கும் நடுவே யாருடையதோ கிளட்ச் வயர் இருக்கும். அதுவரை வண்டி ஷெட்டில் நின்று, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதே வகை வண்டி இன்னும் பலரிடம் இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாவது கேள்வியாக அதையும் சேர்த்தேன். சேர்த்ததும் மற்ற எல்லா வண்டிகளும் பின்னால் போய், அண்ணன் வைத்திருந்த அதே வகை வண்டி முதலில் வந்து நின்றது. ஒருவர் சொன்ன ஒரே ஒரு கேள்வியால் விடை அவர் பக்கமே சாய்ந்தால் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும் என்பதை என் படிப்பு எனக்குச் சொல்லித் தந்திருந்தது. பார்த்தேன். கணக்கில் பிழையில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜையில் இருந்த வங்காளிப் பெரியவரிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அரே மேடம், அந்த எக்ஸ்ரேவாலாவா? ஊர்ல புதுசா ஓட்டுற பசங்க எல்லாத்துக்கும் அதே வண்டிதான் சொல்றான். நீ வாங்கப்போறது வண்டி இல்ல. அவனோட ஸ்டோர் ரூம். பெட்ரோல் மட்டும் நீ போட்டுக்கணும்."

அப்போதுதான் அந்த நீலப் பேனலின் மீது எனக்குக் கவனம் போனது.

நீலம் யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. குட்வில் எஸ்டேட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த வீட்டு இளைஞர் வங்கியில் வேலை பார்த்தார். அண்ணன் பேச்சைக் கேட்டு அதே வகையில் நீல வண்டி வாங்கியவர். மழையில் ஒரு வளைவில் வழுக்கி, காறை எலும்பு முறிந்திருந்தது. வங்கிக்குப் போனபோது அவரிடம் விசாரித்தேன். என்னைத் 'தீதி' என்று ஹிந்தியில் அக்காவாக்கி, தமிழும் தீவு ஹிந்தியும் கலந்து சொன்னார்.

"எக்ஸ்ரே ரூம்ல படுக்க வெச்சாரு தீதி. நல்லாத்தான் பேசினாரு. தோள அசைக்காத, மூச்ச புடின்னாரு. நானும் புடிச்சேன். அப்போ கேக்கறாரு, வண்டி எங்க நிக்குதுன்னு. மூச்ச விடச் சொல்லல. நான் பதில் எப்படிச் சொல்றது?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அம்மா இந்தச் சனியன் வீட்டு வாசல்ல நிக்கக்கூடாதுன்னு அழுதாங்க. அடுத்த நாளே அவரு ஆரஞ்சுப் பழத்தோட வந்து பாத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. காசு கொடுத்தாரு, பொய் சொல்லக்கூடாது."

"இப்ப எதுல வர்றீங்க?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதே வண்டிதான் தீதி. வேற ஒண்ணு எடுத்தேன். ஸ்பேர் கிடைக்கும்னு அவருதான் சொன்னாரு."

அண்ணனைக் கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தேன். அவர் கண் எப்போதும் முதலில் பொருளுக்குப் போகும், பிறகுதான் ஆளுக்கு வரும். எதிர் பிளாக்கில் ஒரு குடும்பத்துக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. மற்றவர்கள் விடைசொல்லப் போய்ப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். இவர் ஒரு பெரிய சூரை மீனோடு போனார். மீனைக் கொடுத்துவிட்டு நேராக பால்கனிக்குப் போய், "இந்த வாஷிங் மெஷின் மோட்டர் சத்தம் போடுமா?" என்றார். வீட்டுக்காரர் அதை விற்பதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாளில் மெஷின் கீழ்வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த மெஷினிலிருந்து எடுத்த ஏதோ ஒரு பாகத்தால் எங்கள் மாடி வீட்டு மெஷின் ஓடத் தொடங்கியது. அம்மா அவரைத் தங்கமான மனிதர் என்றாள். கேட்காமல் செய்தாரே என்றாள். அவருக்கு இதில் என்ன லாபம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாடியில் துணி உலர்த்தும்போது அக்காவிடம் சாடையாகப் பேச்சுக்கொடுத்தேன்.

"அவுகளப் பத்தியா கேக்க?" என்று அக்கா சிரித்தார். "என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, காப்பிய எடுத்துட்டு நான் வந்து நிக்கேன், மாப்பிள்ளையக் காணல. எங்க அப்பா மீன்பிடி போட்டு எஞ்சின் கொல்லையில கெடந்துச்சு. அதப் போயி கவுத்திப் போட்டுப் பாத்துட்டு இருக்காவ. எங்கம்மைக்கு ஒரே ஆத்திரம். அப்பாக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"எஞ்சின் நல்லா இருந்துச்சாமா?"

"அதான் நம்மளக் கட்டுனாவளோ என்னமோ!" என்று சொல்லி, ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிழிகிற கையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தம் இருந்தது.

கார் நிக்கோபார் தீவில் பணியில் இருந்த விமானப்படைக்காரர் ஒருவருக்கு மாற்றல் வந்து, அவருடைய வண்டி கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்திருந்தது. சாம்பல் நிறம், அண்ணன் வண்டியின் அதே வகை. அதிகம் ஓடாதது. அந்தச் செய்தியோடு அண்ணன் மழையில் நனைந்து ஷெட்டுக்கு வந்தார். நான் அங்கே அம்மாவின் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏக்தம் புதுசு மாரி கெடக்கு. ஒரு கீறல் கெடயாது. நாளைக்கே போயி பாத்துருவோம். வேற எவனாச்சும் எடுத்துருவான்."

அவருடைய அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து வேறு வகை வண்டி ஒன்றைப் புதிதாகத் தருவிக்கப் போவதாகச் சொன்னேன். இரட்டை சிலிண்டர், இந்தத் தீவில் யாரிடமும் இல்லாதது. உண்மையில் நான் அப்படி முடிவு செய்திருக்கவில்லை. அவர் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் சொன்னேன்.

முகம் வாடிவிட்டது. "அது ஒண்ணே ஒண்ணுதான்லா நிக்கும் ஊர்ல. ஒரு லீவருக்கு மாசக்கணக்காக் காத்துக் கெடப்பியா?"

துடைக்கும் துணியைக் கீழே வைத்தேன். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நான் விழுந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உண்மையிலேயே யோசித்தார்.

"எந்தப் பக்கம் விழுவே?"

"என்னது?"

"வலப்பக்கம் விழுந்தேன்னா இடப்பக்கப் பேனல் நல்லா இருக்கும். இடப்பக்கம்னா பிரேக் லீவரு, சைலென்சர் தப்பிக்கும். டேங்க் நசுங்காம இருந்தா ரொம்ப நல்லது. என் வண்டியில டேங்க் அடியில துரு ஏறிட்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ கேட்ட, அதான் சொல்லுதேன்."

"இந்த வண்டிதான் ஊர்ல அதிகமா விழுதுன்னு சொல்றாங்க. நீங்கதான் எல்லாரையும் வாங்க வைக்கிறீங்க."

"இந்த வண்டிதானே ஊர்ல அதிகம்? எது அதிகமா ஓடுதோ அதுதானே அதிகமா விழும்? எஞ்சினியரு, ஒனக்கு நான் சொல்லணுமா?"

எளிய கணக்கு. சந்தேகத்தின் அவசரத்தில் அதைப் போடாமல் விட்டிருந்தேன்.

"இன்னொண்ணு," என்றார். "நீ விழுந்தா எனக்கு என்னன்னு கேட்ட. நான் விழுந்தா ஒனக்கு என்னன்னு கேக்கலயே? எல்லாம் ஒங்களுக்குத்தான். நான் விழாட்டியும் சரி, ஊரோட போனாலும் சரி, வண்டி இங்கதான் கெடக்கும். ஆளுக்கொண்ணாப் பிரிச்சு எடுத்துக்கிடுங்க. ரெண்டு பக்கமும் ஓடுனாத்தானே அது பாலம்."

நியாயமாகத்தான் இருந்தது. என்றைக்காவது நான் விழத்தான் போகிறேன் என்பதும், விழுந்தபின் வண்டி நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பதும் நிச்சயம். மறுநாள் போய்ச் சாம்பல் வண்டியைப் பார்த்தேன். என் ஐந்து கேள்விகளுக்கும் அது சரியாகப் பதில் சொன்னது. வாங்கிவிட்டேன். வண்டி வந்த அன்று கீழ்வீட்டு அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். "மழ நேரம். மெதுவாப் போ," என்றார். டேங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மெதுவாகத்தான் போனேன். அப்படியும் அந்த மழைக்காலத்திலேயே விழுந்தேன். டெலானிபூர் ஏற்றத்துக்கு முந்தைய வளைவில், ஈர இலைகளின் மேல் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வண்டி வலப்பக்கம் சாய, நான் மணிக்கட்டின் மேல் விழுந்தேன்.

ஸ்கேன் சென்டரின் இருட்டறையில் அண்ணன் வேறு மனிதர். குரல் தணிந்திருந்தது. என் கையை ஒரு கோப்பையைத் திருப்புவது போலத் திருப்பி வைத்தார். வலித்தால் சொல்லச் சொன்னார். ஈயத்துணியை என்மேல் போர்த்தினார். படம் எடுத்து, திரையில் பார்த்து, "முறிவு இல்ல. வீக்கந்தான். அம்மாகிட்ட நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

"வண்டி எங்க நிக்குது?"

கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மாலையில் வண்டியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். உடைந்த லீவருக்குப் பதிலாகத் தன்னிடம் சேர்த்துவைத்திருந்த ஒன்றை மாட்டினார். பக்கக் கண்ணாடியும் மாட்டினார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "காசா? நமக்குள்ளயா?" என்றார். பிறகு என் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். கீறலில்லாதது. அவருடையது நடுவில் வெடித்திருந்தது.

"இத நான் எடுத்துக்கிடட்டா? எந்தத ஒனக்கு மாட்டித் தாரேன்."

"எனக்கு வேண்டாமாண்ணே?"

"நீ போற வேகத்துக்குக் காத்தே அடிக்காதே புள்ள."

கொடுத்துவிட்டேன். லீவர் இல்லாமல் வண்டி ஓடாது, முன்கண்ணாடி இல்லாமல் ஓடும். அந்த வகையில் எனக்குத்தான் லாபம். ஆனாலும் வெடித்த கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து ஓட்டும் ஒவ்வொரு நாளும், அதே பாதையில் இன்னொரு வண்டி என் கண்ணாடியோடு போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவின் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் அவர்கள் தூத்துக்குடிக்கே திரும்புவதாக முடிவானது. செய்தி கேட்டு அந்த வகை வண்டி வைத்திருக்கும் நாங்கள் ஒவ்வொருவராகக் கீழ்வீட்டுக்கு வரத் தொடங்கினோம். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் ரசகுல்லா கொண்டுவந்தார். வங்கி இளைஞர் அவர் அம்மா செய்த புளியோதரை கொண்டுவந்தார். நான் அம்மாவிடம் பால்கோவா செய்யச் சொல்லிக் கொண்டுபோனேன். நலம் விசாரித்தோம். பிறகு ஒவ்வொருவராக ஷெட் பக்கம் நகர்ந்தோம். அங்கே அந்தப் பல வண்ண வண்டியைச் சுற்றி நின்று யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருவர் சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். வங்கி இளைஞர் நீலப் பேனலைத் தடவினார். நான் பின் பிரேக் வட்டின் தடிமனை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் முன்கண்ணாடியோடு அதுவும் சேர்ந்து வந்தால் நல்லது என்று தோன்றியது.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். அவரிடம் அதுவரை நான் காணாத ஒரு பார்வை. கதவு தட்டப்பட்டால் தாழ்ப்பாளில் கை வைத்தபடி யார் என்று கேட்பவரின் பார்வை.

"பிரிக்கலயாண்ணே?" என்று வங்கி இளைஞர்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"பாப்போம், பாப்போம்," என்றார் அண்ணன்.

கப்பல் புறப்படும் நாளில் துறைமுக ஜெட்டிக்கு நாங்கள் எல்லோரும் எங்கள் வண்டிகளிலேயே போனோம். பெட்டிகளுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே, கோணித்துணி சுற்றிய ஒரு உருவம் மரச்சட்டத்தில் நின்றது. துணி விலகிய இடத்தில் ஆரஞ்சு வால் தெரிந்தது.

நான்தான் போய்க் கேட்டேன். "அண்ணே, அங்க தெருவுக்குத் தெரு ஸ்பேர் கிடைக்குமே. இத எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? இங்கதான் கெடக்கும்னு சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார். எங்கள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கடல்காற்றாலும் இருக்கலாம். "எப்பிடி விட்டுட்டுப் போவேன் தங்கச்சி? நீங்க எல்லாரும் இதுலல்லா இருக்கீங்க."

அக்கா பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "அவுககிட்டப் பேசாத, ஜெயிக்க முடியாது," என்று என் காதருகே சொன்னார்.

கிரேன் அதைத் தூக்கியது. அந்தரத்தில் சுற்றும்போது கோணி இன்னும் கொஞ்சம் விலகி நீலம் தெரிந்தது. கறுப்பு தெரிந்தது. ஒரு கணம் வெயில் பட்டு முன்கண்ணாடி மின்னியது. "என் பேனல்," என்றார் வங்கி இளைஞர். எங்கள் கஷ்டத்தையெல்லாம் ஒரு மனிதர் அன்பாகச் சேர்த்துக் கட்டி எடுத்துப்போகிறாரா, அல்லது லாபமாகச் சுருட்டிக்கொண்டு போகிறாரா என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. கப்பலின் மேல்தட்டிலிருந்து அவர் கையசைத்தார். நாங்களும் அசைத்தோம். கோபமாக இருந்தவர்களும் அசைத்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் வங்கி இளைஞரும் நானும் எங்கள் வண்டிகளுக்குப் போனோம். அவர் தன் வண்டியில் ஏறாமல் என்னுடையதைப் பார்த்தபடி நின்றார்.

"தீதி, உங்க டேங்க் நல்லா இருக்கு இல்ல? அடியில துரு ஏதும்?"

"இல்ல," என்றேன். சொன்னதும், சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது. அவருடைய பின் டயர் புதிது என்பதை நானும் கவனித்திருந்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

தூறல் தொடங்கியது. இருவருக்கும் ஒரே பாதை. டெலானிபூர் ஏற்றத்துக்கு முந்தைய வளைவு வந்தபோது சாலை முழுக்க ஈர இலைகள். நான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, அவரை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவரும் நின்று, தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி, மிகுந்த மரியாதையோடு, "நீங்க முதல்ல போங்க தீதி," என்றார்.